பியானோ வாசித்தால் உடம்புக்கும் மனசுக்கும் என்ன கிடைக்கும்? மதுரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"சார், எனக்கு அம்பத்தெட்டு முடிஞ்சிருச்சு. இனிமே விரல் வளையுமா?" பியானோ கற்றுக்கொள்ள வரும் பெரியவர்களில் பலர் இந்தக் கேள்வியோடுதான் வந்து உட்காருகிறார்கள். வளையும். மேடையில் விறுவிறுவென்று வாசிக்கும் அளவுக்குப் போக முடியாமல் இருக்கலாம். ஆனால் கவனம் கூடுவதற்கும், விரல்கள் நுட்பமாக இயங்குவதற்கும், மனசு கொஞ்சம் அமைதியாவதற்கும் மேடை தேவையில்லை. தினமும் 20 நிமிடம் உட்கார முடிந்தால் போதும்.

இந்த வழிகாட்டி இசை தெரியாதவர்களுக்காகவும், சின்ன வயதில் சரளி வரிசையோடு நிறுத்திவிட்டவர்களுக்காகவும் எழுதியது. கருவி வாங்குவதில் தொடங்கி முதல் சில மாதங்கள் வரை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பழகிப்போன பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தால் சந்தோஷம் கிடைக்கும். ஆனால் மூளைக்கு வேலை கொடுப்பது, இன்னும் கைக்கு வராத, யோசித்து யோசித்து வாசிக்க வேண்டிய அந்த நாலு சுரம்தான். கீழே சொல்லும் எல்லாப் பயிற்சியும் இந்த எண்ணத்தில் அமைந்தவை.

ஆர்மோனியம் இருக்கும்போது பியானோ எதற்கு?

கட்டைகளை அழுத்தி வாசிக்கும் வாத்தியம் நம் ஊருக்குப் புதிதில்லை. மதுரையில் பாலர் நாடக சபை நடத்திய சங்கரதாஸ் சுவாமிகளின் வழியில் வந்த நாடக மேடைகளில் இன்றும் ஓரமாக ஆர்மோனியக்காரர் உட்கார்ந்திருப்பார். அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பிய இளையராஜாவும் அண்ணன் பாவலர் வரதராசனின் கச்சேரிக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர்தான். வீட்டில் தாத்தாவின் ஆர்மோனியம் இருந்தால், பியானோவின் கட்டை வரிசையும் அதே வரிசைதான். ஏற்கெனவே பாதி தெரிந்த மாதிரி.

வித்தியாசம் இடது கையில் இருக்கிறது. ஆர்மோனியத்தில் இடது கை துருத்தி போடும், வலது கை வாசிக்கும். பியானோவில் இரண்டு கையும் வாசிக்க வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலையாக. இன்னொன்றும் உண்டு. 1700-ஐ ஒட்டி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பார்த்தோலோமியோ கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய இந்தக் கருவியில், கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் போய்க் கம்பியைத் தட்டும். மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, வேகமாக அழுத்தினால் பலத்த ஒலி. அதனால் காது கேட்டுக்கொண்டே இருக்கிறது, விரல் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. கண் அடுத்த சுரத்தைத் தேடுகிறது, நினைவு தாளத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. இத்தனையும் ஒரே நொடியில் நடக்க வேண்டும் என்பதால்தான் மூளை ஆராய்ச்சியாளர்கள் பியானோவை இவ்வளவு விரும்பி ஆராய்கிறார்கள்.

ஆராய்ச்சி சொல்வது எவ்வளவு?

1995-இல் வெளியான ஓர் ஆய்வை எல்லாருக்கும் சொல்வேன். பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்து, தினமும் 2 மணி நேரம், 5 நாள் பழகச் சொன்னார்கள். விரல்களை இயக்கும் மூளைப் பகுதி அந்த ஐந்தே நாளில் விரிந்திருந்தது. இன்னொரு குழுவினர் விரலையே அசைக்காமல், வாசிப்பதாக மனசுக்குள் கற்பனை மட்டும் செய்தார்கள். அவர்களுடைய மூளையிலும் அதே போன்ற மாற்றம் தெரிந்தது. இதை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்று பின்னால் சொல்கிறேன்.

பெரியவர்களைப் பற்றி மூன்று ஆய்வுகள் முக்கியமானவை. அமெரிக்காவில் 60 முதல் 85 வயது வரை உள்ளவர்களுக்கு 6 மாதம் பியானோ சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2007-இல் வந்தது. கவனத்தை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சோதனையில் கற்றுக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். 2013-இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வில், 4 மாதப் பயிற்சிக்குப் பிறகு கவனச் சோதனையில் முன்னேற்றம் இருந்ததோடு மனச்சோர்வும் குறைந்திருந்தது. 2003-இல் நியூயார்க்கில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு, வாசிப்பு, பலகை விளையாட்டு, நடனம், இசைக்கருவி வாசித்தல் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் வருவது குறைவாக இருந்ததாகச் சொன்னது.

இதையெல்லாம் படித்துவிட்டு பியானோ மறதி நோய்க்கு மருந்து என்று யாரும் நம்பிவிட வேண்டாம். முதல் மூன்று ஆய்வுகளிலும் கலந்துகொண்டவர்கள் எண்ணிக்கை சிறியது. கடைசி ஆய்வில், மூளை நல்ல நிலையில் இருப்பவர்களே இசைப் பக்கம் போயிருக்கவும் வாய்ப்புண்டு. செலவு குறைவு, பக்க விளைவு கிட்டத்தட்ட இல்லை, சந்தோஷம் நிச்சயம், அதற்கு மேல் மூளைக்கும் நல்லது என்பதற்கான தடயங்கள் இருக்கின்றன. அந்த அளவில் நம்பினால் போதும்.

மனசுக்கு என்ன செய்கிறது என்பதை ஆய்வு இல்லாமலே உணரலாம். கவலை என்பது ஒரே எண்ணம் சுற்றிச் சுற்றி வருவது. இரண்டு கையையும் சேர்த்து ஒரு புது வரியை வாசிக்கும்போது அந்த எண்ணம் சுற்றுவதற்கு இடமே இருக்காது. கவலை தீர்ந்துவிடாது. ஆனால் இருபது நிமிடம் அது ஒதுங்கி நிற்கும். அந்த ஓய்வு மனசுக்கு வேண்டியிருக்கிறது.

உடற்பயிற்சி என்ற கணக்கில் மட்டும் பியானோவைச் சேர்க்காதீர்கள். இது உட்கார்ந்து செய்கிற காரியம். காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிற பழக்கம் இருந்தால் அதை விடவே கூடாது.

முதல் படி: கருவி

மரப் பியானோ வேண்டும் என்ற ஆசையை முதலில் தள்ளி வையுங்கள். அதன் கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 18 முதல் 20 டன் இழுவிசையில் நிற்கின்றன. சித்திரை வெயிலில் காய்ந்து, ஐப்பசி மழையில் ஊறி, மரமும் கம்பளித் துணியும் மாறிக்கொண்டே இருக்கும்போது சுருதி நிற்காது. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சுருதி சேர்க்க வேண்டும். அதற்கு ஆள் இருக்கிறாரா என்று விசாரிக்காமல் பழைய பியானோவை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், கரையானையும் சேர்த்து வாங்கியதாக ஆகிவிடும்.

தொடங்குகிறவர்களுக்கு 61 கட்டை உள்ள கீபோர்டு ஒரு வருஷத்துக்குத் தாராளம். யமஹா, கேசியோ இரண்டிலும் நல்ல மாடல்கள் உண்டு. ஏறத்தாழ 12,000 முதல் 18,000 ரூபாய் வரை ஆகும். விலை கடைக்குக் கடை மாறும். கடையில் நாலு விஷயத்தைப் பாருங்கள். ஒரே கட்டையை மெதுவாகவும் பலமாகவும் அழுத்தினால் ஒலி மாற வேண்டும். மலிவான மாடல்களில் இது இருக்காது, அதை வாங்காதீர்கள். விரல் காதுக்குக் கட்டுப்படுகிற பயிற்சியே அதில் போய்விடும். கட்டைகள் முழு அளவில் இருக்க வேண்டும். ஹெட்போன் துளையும் பெடல் துளையும் வேண்டும். பேட்டரியிலும் ஓடினால் கரண்ட் போகும் நேரத்துக்கு உதவும். 500 ரிதம், 600 சத்தம் என்று பெட்டியில் போட்டிருப்பது எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

40,000 ரூபாயை ஒட்டிச் செலவழிக்க முடிந்தால், 88 கட்டையும் கனமாக இருக்கும் டிஜிட்டல் பியானோ வாங்கலாம். 52 வெள்ளை, 36 கறுப்பு, அசல் பியானோவின் அழுத்தம். விரல் வலுவுக்கு அது நல்லது. ஆனால் மூட்டு வலி உள்ளவர்களும் கை பலவீனமாக இருப்பவர்களும் லேசான கட்டையில் தொடங்குவதே சரி. இங்கே விலை கூடியது உடம்புக்கு நல்லது என்று அர்த்தமில்லை.

கருவியை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். நம் ஊர்ப் புழுதிக்குப் பருத்தித் துணி ஒன்று மூடி வைத்தால் போதும். ஆனால் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் வாசிக்க மாட்டீர்கள். கண்ணில் படுகிற இடத்தில், ப்ளக் மாட்டியபடி இருக்கட்டும்.

இரண்டாம் படி: உட்காருவது

கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலிதான் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். அது சரிப்படாது. உயரம் குறைவு, முழங்கை கைப்பிடியில் இடிக்கும். கைப்பிடி இல்லாத ஸ்டூல் எடுத்துக்கொண்டு, முன்பாதியில் மட்டும் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். முழங்கை கட்டையின் மட்டத்திலோ ஒரு விரற்கடை மேலேயோ இருக்கட்டும். மணிக்கட்டு கீழே தொங்கவும் கூடாது, மேலே தூக்கவும் கூடாது.

தரையில் சம்மணமிட்டு ஆர்மோனியம் வாசித்துப் பழகியவர்கள் கீபோர்டையும் தரையில் வைத்துவிடுவார்கள். அப்போது மணிக்கட்டு மடங்கி, முதுகு வளைந்துவிடும். கடைகளில் கணக்கு எழுத வைத்திருக்கும் குட்டை மேஜை கிடைத்தால் அதன் மேல் வையுங்கள். முழங்கால் வலி இல்லாதவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

தோள்கள் காதை நோக்கி ஏறுகின்றனவா என்று அடிக்கடி பாருங்கள். கஷ்டமான இடம் வந்தால் எல்லாருக்கும் தோள் ஏறும், தாடை இறுகும், மூச்சு நிற்கும். மூச்சு நின்றிருப்பதைக் கவனித்து, விட்டு, மறுபடி வாசிப்பது தனியாக ஒரு மனப்பயிற்சி. பியானோவுக்கு வெளியிலும் அது உதவுகிறது.

மூன்றாம் படி: முதல் வாரம், கறுப்புக் கட்டை மட்டும்

பெரும்பாலான பாடப் புத்தகங்கள் வெள்ளைக் கட்டையில் தொடங்கும். நான் கறுப்பில் தொடங்குகிறேன், காரணம் இருக்கிறது.

கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டமாக இருக்கும். மூன்று உள்ள கூட்டத்தின் முதல் கட்டை, அதாவது இடது ஓரத்தில் இருப்பது, நாலரைக் கட்டை (ஒரு கட்டை, நாலரைக் கட்டை என்பதெல்லாம் சுருதிக்கு நம் ஊரில் சொல்லும் பெயர்). அதை 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது 'ரி', அதற்கடுத்தது 'க'. அப்புறம் வரும் இரட்டைக் கூட்டத்தில் 'ப', 'த'. அடுத்த மூன்றின் முதல் கட்டை மேல் 'ச'. ச ரி க ப த ச. மோகன ராகம்! தமிழிசை ஆய்வாளர்கள் முல்லைத் தீம்பாணி என்று அடையாளம் காட்டும் அதே அமைப்பு. பியானோவைத் தொட்டே பார்க்காத ஒருவர் கறுப்புக் கட்டையில் எந்த வரிசையில் விரலை வைத்தாலும் காதுக்கு உறுத்தாது. தப்பு என்று ஒன்று இல்லாத இடத்தில் தொடங்கினால் பயம் போய்விடும். பெரியவர்களுக்கு விரலைவிட அதிகமாகத் தடையாக இருப்பது இந்தப் பயம்தான்.

இடது கையால் 'ச'வையும் 'ப'வையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். தம்பூரா மாதிரி அது ஒலித்துக்கொண்டிருக்கட்டும், அடங்கும்போது மறுபடி அழுத்துங்கள். வலது கை மோகனத்தில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். பெடல் இருந்தால் காலால் அழுத்தினால் ஒலி நீளும். முதல் நாளே இரண்டு கையும் வேலை செய்கிறது, காதும் நிறைகிறது.

இதில் மூச்சையும் சேர்க்கலாம். சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் தாளக் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். போனில் இலவசமாகவே கிடைக்கும். நாலு தட்டுக்கு மூச்சை உள்ளே இழுத்து, ஆறு தட்டுக்கு வெளியே விடுங்கள். அப்படியென்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு. இந்த வேகத்தில் மூச்சு விடும்போது இதயத் துடிப்பும் நரம்பு மண்டலமும் அமைதிப் பக்கம் சாய்கின்றன என்பது நன்றாக அறியப்பட்ட விஷயம். மூச்சை இழுக்கும்போது சுரம் மேலே போகட்டும், விடும்போது கீழே இறங்கட்டும். படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம் இதை மட்டும் வாசிக்கலாம்.

வாரக் கடைசியில் இதே ஐந்து கட்டையில் 'ச'வை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். மூன்றின் நடுக்கட்டையான ஐந்தரையில் தொடங்கினால் மத்தியமாவதி. கடைசியான ஆறரையில் தொடங்கினால் இந்தோளம். இதில் பஞ்சமம், அதாவது 'ப' கிடையாது, அதனால் இடது கை 'ச'வையும் 'ம'வையும் பிடிக்க வேண்டும். இரண்டின் முதல் கட்டையான ஒன்றரையில் சுத்த சாவேரி, இரண்டரையில் சுத்த தன்யாசி. ஐந்தே கட்டை, ஐந்து விதமான மனநிலை! இன்று எதை வாசிக்கத் தோன்றுகிறது என்று கேட்டுக்கொண்டு உட்காருங்கள். தன் மனசு எப்படி இருக்கிறது என்று கவனிக்க இது ஒரு வழி. கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைத்து இசைப்பது, பியானோவில் வராது. அதற்கு வீணைக்கும் குரலுக்கும்தான் போக வேண்டும்.

நான்காம் படி: வெள்ளைக் கட்டைக்கு வருவது

இரட்டைக் கறுப்புக்கு இடது பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டைதான் ஒரு கட்டை சுருதி. அங்கிருந்து வெள்ளையில் மட்டும் போனால் சங்கராபரணம். விரல்களுக்கு எண் உண்டு. கட்டை விரல் 1, சுண்டு விரல் 5, இரண்டு கைக்கும் அப்படியே. வலது கை ஏறும்போது 1 2 3, பிறகு கட்டை விரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து 1 2 3 4 5. இடது கை ஏறும்போது 5 4 3 2 1, பிறகு நடுவிரலைக் கட்டை விரலுக்கு மேலே தாண்ட வைத்து 3 2 1.

இரண்டு கையையும் ஒரே திசையில் ஓட்டினால் முதலில் குழம்பும், ஏனென்றால் விரல் எண்கள் பொருந்தாது. அதனால் எதிர்த் திசையில் தொடங்குங்கள். இரண்டு கட்டை விரலும் ஒரே 'ச'வில் இருக்கட்டும். வலது கை மேலே, இடது கை கீழே, ஒரே விரல் எண்களோடு போகும். சுலபமாக வந்துவிடும். அது வந்த பிறகு ஒரே திசை.

அடுத்து வருவதுதான் இந்த வழிகாட்டியின் மையம். இடது கை ஒரு சுரத்தை நாலு தட்டுக்குப் பிடித்திருக்க, வலது கை தட்டுக்கு ஒன்றாக நாலு சுரம் வாசிக்கட்டும். பிறகு கையை மாற்றுங்கள். வலது பிடிக்கட்டும், இடது வாசிக்கட்டும். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். செய்து பார்த்தால் வியர்க்கும். இரண்டு கையும் ஒன்றையொன்று இழுக்கும், நிற்கச் சொன்ன கை ஓடும். அந்தத் தடுமாற்றம் நடக்கும் நேரம்தான் நீங்கள் செலவிட்டதிலேயே மதிப்புள்ள நேரம். சரளி வரிசை தெரிந்தவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். வலது முதல் காலத்திலும் இடது இரண்டாம் காலத்திலும், பிறகு மாற்றியும்.

வேகத்துக்கு ஒரே விதி. எந்த வேகத்தில் தப்பு வராதோ அந்த வேகம். அது அவமானப்படும் அளவுக்கு மெதுவாக இருந்தாலும் சரி. தப்போடு வேகமாக வாசித்தால் விரல் தப்பைத்தான் கற்றுக்கொள்ளும். இந்தத் தடுமாற்றப் பயிற்சியை ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். அதற்கு மேல் கவனம் நிற்காது.

மீதி நேரத்தில் பிடித்த பாட்டு. பக்திப் பாட்டோ சினிமாப் பாட்டோ, உங்கள் வாய் தானாக முணுமுணுப்பதை எடுங்கள். முதலில் வலது கையில் மெட்டு, இடது கையில் வெறும் 'ச'. பிறகு மூன்று கார்டு, அதாவது ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்தும் சுரக் கூட்டங்கள்: ச க ப, ம த ச, ப நி ரி. இந்த மூன்றையும் இடது கை மாற்றி மாற்றி அழுத்தப் பழகினால் எண்ணற்ற எளிய மெட்டுகளுக்குத் துணை வாசித்துவிடலாம்.

ஐந்தாம் படி: எப்போது, எவ்வளவு

வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் 20 நிமிடம் மேல். நடுவில் தூங்கி எழுவதால்தான் பழகியது பதிகிறது. முந்தின நாள் வராதது மறுநாள் காலையில் வந்துவிடும். கற்றுக்கொள்ளும் எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மத்தியானம் வாசிக்க முயலாதீர்கள். விரல் வழுக்கும், எரிச்சல்தான் மிஞ்சும். விடியற்காலையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு வாசிப்பது நெருக்கமான தெருக்களில் இருப்பவர்களுக்கு ஏற்றது. பக்கத்து வீட்டுக்காரர் எழும் முன்னால் முடித்துவிடலாம். ஹெட்போனின் ஒலியைப் பாதிக்கு மேல் கொஞ்சம் என்ற அளவில் நிறுத்துங்கள். காது போனால் இந்தப் பலன் எதுவும் இல்லை. சித்திரைத் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கியோடு போட்டி போட்டு ஹெட்போனைக் கூட்டுவதைவிட, அந்த நாட்களில் மனசுக்குள் வாசிக்கலாம்.

முன்னால் சொன்ன 1995 ஆய்வு இங்கே உதவும். மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் நிலையம் வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், கண்ணை மூடி, முந்தின நாள் வாசித்த நாலு சுரத்தை எந்த விரல், எந்தக் கட்டை என்று வரிசையாக நினைத்துப் பாருங்கள். மடக்கிக் கேட்டால் பலருக்குத் தெரியாத இடம் ஒன்று அப்போது வெளிப்படும். அதைத்தான் மாலையில் முதலில் வாசிக்க வேண்டும். முழுப் பயிற்சிக்கு இது ஈடாகாது, ஆனால் வீணும் இல்லை.

யார் என்ன கவனிக்க வேண்டும்

பக்கவாதத்துக்குப் பிறகு கை மீண்டுகொண்டிருப்பவர்களுக்கு ஜெர்மனியில் கீபோர்டும் மேளத் தட்டுகளும் வைத்து மூன்று வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட விரல் அசைவு நன்றாகத் திரும்பியதாக 2007-இல் வெளியிட்டார்கள். அழுத்தியதும் சத்தம் கேட்பதால், அசைவு சரியா என்று கைக்கு உடனே தெரிந்துவிடுகிறது. வீட்டில் யாருக்காவது இந்த நிலை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் பயிற்சியோடு சேர்த்துச் செய்யுங்கள். பாதிக்கப்பட்ட கையின் ஒரு விரல் ஒரு கறுப்புக் கட்டையை அழுத்தினாலே அது ஒரு நாள் வேலைதான்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு விரல் மடக்கும்போது மாட்டிக்கொள்வது, விரல் மூட்டு இறுகுவது, மணிக்கட்டு நரம்பு அழுத்தத்தால் மரத்துப்போவது எல்லாம் மற்றவர்களைவிட அதிகமாக வரும். மரத்துப்போகும் உணர்வு இருந்தால் முதலில் டாக்டர், பிறகு பியானோ. வெறும் இறுக்கம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஐந்து நிமிடம் வைத்துவிட்டு வாசித்தால் இதமாக இருக்கும். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உணர்வு குறைந்த விரலுக்குச் சுடுவது தெரியாது.

மறதி தொடங்கிவிட்ட பெரியவர்களுக்குப் புதுப் பயிற்சி எதுவும் வேண்டாம். அவர்கள் இளமையில் கேட்ட பாட்டை நீங்கள் வாசியுங்கள், அவர்கள் கறுப்புக் கட்டையில் விரல் வைக்கட்டும். முன்னேற்றத்தை எதிர்பார்க்காமல் பக்கத்தில் உட்காருங்கள்.

குழந்தைகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு வயதுக் குழந்தைகள் 15 மாதம் கீபோர்டு கற்றபோது, கை அசைவுக்கும் கேட்டலுக்கும் உரிய மூளைப் பகுதிகள் மாறியிருந்ததாக 2009-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2004-இல் வந்த இன்னோர் ஆய்வில் இசை கற்ற குழந்தைகளின் நுண்ணறிவு மதிப்பெண் சிறிதளவு கூடியிருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆகவே கணக்கில் மார்க் வாங்க வைப்பதற்காகப் பிள்ளையைப் பியானோவில் சேர்க்காதீர்கள். டிரினிட்டி போன்ற கிரேடு தேர்வுகள் நல்லவைதான், பிள்ளை கேட்டால். ஒரு கிரேடுக்கு மூன்றே பாட்டைத் தேய்த்துத் தேய்த்து வாசித்து, பாஸ் ஆனதும் கட்டையைத் தொடாத பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. நீட் வகுப்புக்கும் பள்ளிக்கும் நடுவே ஓடுகிற பிள்ளைக்கு மார்க் போடாத ஓர் இடம் வீட்டில் இருக்க வேண்டும். பியானோ அந்த இடமாக இருக்கட்டும்.

மனச்சோர்வு, பதற்றம் என்று மாதக்கணக்கில் அவதிப்படுபவர்கள் பியானோவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்கு அழைத்தால் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், எந்த நேரத்திலும். மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் பியானோ நன்றாக இருக்கிறதே என்று அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. சிகிச்சையும் நடக்கட்டும், வாசிப்பும் நடக்கட்டும்.

ஆறாம் படி: வலி வந்தால்

விரல் சோர்வது வேறு, வலி வேறு. முன்கையிலோ கட்டை விரல் அடியிலோ குத்தல், எரிச்சல், மரமரப்பு வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். இரண்டு நாள் விட்டு, பாதி நேரத்தில் மறுபடி தொடங்குங்கள். திரும்பவும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். வலியைத் தாங்கிக்கொண்டு வாசிப்பது வைராக்கியம் என்று சிலர் நினைக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பெரிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் வலது கை கெட்டுப்போய் பியானோ மேடையையே விட வேண்டி வந்தது. ஆரோக்கியத்துக்காக வாசிக்கும் நாம் அப்படி எதையும் பணயம் வைக்கத் தேவையில்லை.

ஏழாம் படி: துணை

யூடியூபைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் மணிக்கட்டு மடங்கியிருப்பதை யூடியூப் சொல்லாது. அதனால் முதல் மூன்று மாதமாவது நேரில் ஓர் ஆசிரியர் இருப்பது நல்லது. பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்துப் பழகியவரா என்று கேளுங்கள். தேவாலயங்களில் கீபோர்டு வாசிப்பவர்கள் பலர் நல்ல ஆசிரியர்களாகவும் இருப்பார்கள். பாடுகிறவர்களோடு சேர்ந்து வாசித்துப் பழகிய கை அது.

சேர்ந்து வாசிப்பதில் தனியாக ஒரு பலன் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு பேச ஆளில்லாமல் போகிற வீடுகளில் இதைப் பார்க்கிறேன். தாத்தா இடது பக்கம் உட்கார்ந்து 'ச', 'ப' பிடிக்க, பேத்தி வலது பக்கம் கறுப்புக் கட்டையில் தோன்றியதை வாசிக்கிறாள். ஒரே ஸ்டூலில் இருவர். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் தாளம் தப்பாமல் இருக்க ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் யாரும் இல்லையென்றால் பாடத் தெரிந்த நண்பர் ஒருவரை வாரம் ஒரு முறை கூப்பிடுங்கள்.

முன்னேற்றமும் இடைவெளியும்

ஒரு நோட்டில் தேதியைப் போட்டு இரண்டே வரி எழுதுங்கள். இன்று எது தடுமாறியது, வாசித்து முடித்தபோது மனசு எப்படி இருந்தது. முதல் மாதத்தில் இரண்டாவது வரியில்தான் மாற்றம் தெரியும். கைத் திறமை அப்புறம்தான் வரும். மூன்றாவது மாதத்தை ஒட்டி எதுவுமே நகராத மாதிரி ஒரு கட்டம் வரும். பலர் விடுவது அங்கேதான். அப்போது பாட்டை மாற்றாதீர்கள், பயிற்சியை மாற்றுங்கள். ஒரு கட்டை சுருதியில் வாசித்ததை இரண்டு கட்டையில் வாசியுங்கள், அல்லது இதுவரை தொடாத மேற்கத்திய நொட்டேஷனைப் படிக்கத் தொடங்குங்கள். மேல் வரிசை வலது கைக்கு, கீழ் வரிசை இடது கைக்கு. கண்ணுக்கும் கைக்கும் புது வேலை கிடைக்கும்.

கல்யாணம், காய்ச்சல், ஊருக்குப் போவது என்று வாரக்கணக்கில் விட்டுப்போவது எல்லாருக்கும் நடக்கும். திரும்பி வரும் நாளில் விட்ட இடத்திலிருந்து பிடிக்க முயலாதீர்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் சுலபமாக வந்துகொண்டிருந்த ஒன்றை எடுங்கள். முதல் நாள் பத்து நிமிடம், மூன்று நாள் அதே அளவு, நான்காம் நாள் தடுமாற்றப் பயிற்சிக்குத் திரும்புங்கள்.